சிவப்புப் பட்டையை எடுத்தது யார்?

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்ற எதுவும் சரியில்லை. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமென்றே நம்புகிறேன். சுகமில்லை என்றால் இதைப் படித்து ஆறுதல் அடையலாம். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் அக்கா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள், பிறகு அவள்தான் பேசுவாள். அதனால் கடிதம்.

உங்களோடு படித்தவர் என்று சிபாரிசு செய்து சேர்த்துவிட்டீர்களே, அந்தப் பெரியவரின் கம்பெனியில் என் வேலை திங்கட்கிழமையோடு போய்விடும்போல் இருக்கிறது. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஆறு வருடமாகக் கேட்கிறீர்கள், இப்போது கேளுங்கள். கணினிக்குள் ஒரு பொய்க் கணினியை ஓட்டுகிறோம், எமுலேட்டர் என்று பெயர். அதற்குள் போகும் ஒவ்வொரு விசைத் தட்டலையும், கடிகாரம் சொன்ன ஒவ்வொரு நொடியையும் பதிவு செய்துவைத்தால், நடந்ததை இம்மி பிசகாமல் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். ஆயிரத்தில் ஒருமுறை தலைகாட்டும் தப்பைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். ஒன்றுதான்: மறுபடி ஓடும்போது நீங்கள் எதைத் தட்டினாலும் அது கேட்காது, ஏற்கெனவே நடந்ததுதான் நடக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், ஓடுவது பழையது என்று எச்சரிக்க, திரையைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டை போட்டேன். அத்தான், நான் செய்ததிலேயே உருப்படியானது அந்தப் பட்டைதான்.

எங்கள் ஆபீசில் திரைக்கு அழகு பார்க்க ஒருவன் இருக்கிறான். எதைக் காட்டினாலும் இன்னும் வழுவழுப்பாக வேண்டும் என்பான், அதனால் அவனுக்கு வழுவழு என்றே பெயர் வைத்துவிட்டோம். பட்டை கண்ணை உறுத்துகிறது, எடுத்துவிடு என்றான். எடுத்தேன், என்ன செய்ய, என் தலையில் மிளகாய் அரைப்பது அங்கே எல்லாருக்கும் பழகிப்போன வேலை. அப்புறம் எங்கள் எமுலேட்டரை, லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனி ஒன்று வாங்கியது. லிஃப்டை இயக்கும் புரோகிராமை அங்கே அதில் ஓட்டிச் சோதனை பார்க்கும் அம்மா, போன மாதம் நன்றாக ஓடிய நாளின் பதிவைத் தெரியாமல் திறந்துவைத்துக்கொண்டு, அதே பட்டியலை அதே வரிசையில், தன் வழக்கமான நிதானத்தில் நாள் முழுக்கத் தட்டியிருக்கிறார். அவர் கதவைத் திற என்றால் கதவு திறந்தது, மூன்றாம் மாடி என்றால் மூன்றாம் மாடி வந்தது. ஏன் வராது, போன மாதமும் அவரேதானே தட்டினார்! ஒரு பிழையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். மறுவாரம் அவர்கள் முதலாளி மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டுக்குள் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு நின்றார். உள்ளே அவர் பேசியதை யாரும் பதிவு செய்யாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

பெரியவர் எங்களைக் கூப்பிட்டு, பட்டையை எடுத்தது யார் என்று கேட்டார். வழுவழு என் முகத்தைப் பார்த்தே, "நான் எடுக்கச் சொல்லவே இல்லையே" என்றான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். எனக்கு ரத்தம் கொதித்தது. என் வேலைக் கணினியே அந்த எமுலேட்டருக்குள்தான் ஓடுகிறது, அவன் அனுப்பிய செய்தி உட்பட எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. திங்கட்கிழமை காலை எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டுங்கள் என்று நானே மேஜையைத் தட்டினேன். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதற்கு முன் பெரியவருக்குப் போன் போட்டு, என் மைத்துனன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வழுவழு என்னிடம் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் நானே வேலையை விட்டுவிடுவேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், கணினி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
நியாயம் கேட்கும் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அந்த நாளை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வழுவழு அனுப்பியது இவ்வளவுதான்: "பட்டையைக் கொஞ்சம் மெல்லிசா பண்ண முடியுமா? முடியலன்னா இப்படியே இருக்கட்டும்." அதற்கு நான் நாலு முறை பதில் அடித்து, நாலு முறையும் அழித்து, ஐந்தாவதாகப் பட்டையை மொத்தமாகத் தூக்கிவிட்டு, "இப்போ திருப்தியா?" என்று அடித்து, அதையும் அனுப்பாமல் சாப்பிடப் போயிருக்கிறேன். எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை அத்தான். அவமானமாக இருக்கிறது. பெரியவருக்குப் போன் போட வேண்டாம். பதிவை அழித்துவிடத்தான் முதலில் கை போனது. ஆனால் யார், எப்போது அழித்தார் என்பதும் பதிவாகிவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லாரோடும் சண்டை போட்டு அமைத்தவன் நான்.