பீரோ சார் கழுத்தைத் திருப்பிய நாள்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே கழுத்து என்னும் உறுப்பைத் தாங்கி நடமாடிய மாந்தர் அனைவரையும், அவர்கள் கேட்டாலும் கேளாவிட்டாலும், நோயாளிகள் என்றே முடிவு கட்டிய ஒரே மனிதர் பீரோ சார். பேருந்தில் முன்னிருக்கைக்காரர் உறங்கித் தலை ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், பின்னாலிருந்து இரு கைகள் நீண்டு அத்தலையை ஏந்திக்கொள்ளும். முன்பின் அறியாத வெல்ல வியாபாரி ஒருவரின் தலையைப் பாகாலாவிலிருந்து திருப்பதி வரை அவர் அவ்வாறு ஏந்தி வந்ததை நானே கண்டேன். விழித்துக்கொண்ட வியாபாரி முதலில் தம் மடியைத்தான் தடவிப் பார்த்தார். கழுத்தைப் பிறகுதான் தடவினார்.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அது சான்றிதழ்களில் வாழ்ந்தது. தெருவில் வாழ்ந்தது பீரோ என்னும் பெயர்தான். பின்னாலிருந்து யாரேனும் அழைத்தால் நாமெல்லாம் கழுத்தைத் திருப்புவோம். அவர் அது செய்யார். இரு பாதங்களையும் சிறுகச் சிறுக நகர்த்தி, தோள், மார்பு, வயிறு, மூக்கு யாவும் ஒரே திசையை நோக்க, முழு உருவமாகத் திரும்புவார். வீடு மாற்றுகையில் நால்வர் கூடி இரும்புப் பீரோவைத் திருப்புவது போலவே இருக்கும். பட்டப்பெயர் அவர் செவிக்கும் எட்டியது. “பீரோலதான் அய்யா நகைய வெப்பாங்க” என்று அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

நாட்டின் கதவுகள் அயல்வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட காலம் அது. கணிப்பொறி கற்றவர்கள் அமெரிக்காவுக்குப் புறப்பட, இயன்முறை மருத்துவம் பயின்றவர்கள் மஸ்கட்டை நோக்கிக் கொண்டிருந்தனர். கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலி, தலைசுற்றல், நடைத் தள்ளாட்டம் ஆகியவற்றைக் கைகளாலேயே தணிக்கும் பயிற்சி பெற்றவர்க்கு அங்கே தனி மதிப்பு என்றொரு பேச்சு எழுந்தது. சித்தூரில் அந்தத் தொழிலில் இருந்த பீரோ சார் உடனே திருப்பதிக்கு வந்து, நான் குடியிருந்த வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்துப் பயிற்சிக்கூடம் தொடங்கினார்.

நான் அப்போது கல்லூரியில் தமிழ் விரிவுரையாளன். நூல்களின்மேல் குனிந்தே வாழ்ந்தமையால், பின்தலையில் தோன்றிப் புருவம்வரை ஏறும் வலியொன்று என்னிடம் நிலைத்திருந்தது. இதை அறிந்த கணமே பீரோ சார் என்னை மாடிக்கு அழைத்துச் சென்று மேசைமேல் கிடத்தினார். அன்றுமுதல் அக்கூடத்தின் மாதிரிக் கழுத்து நான்தான்.

என் கழுத்தை முதலில் பற்றிய மாணவன் முனிரத்தினம். சத்தியவேட்டுப் பக்கத்தவன். தேங்காயைக் கையாலேயே உரிக்கத் தக்க விரல்கள்.

“மெல்லகா! மெல்லகா!” என்று பீரோ சார் அலறினார். மெல்ல என்பதைத் தெலுங்கில் சொன்னால்தான் விரல்களுக்கு எட்டும் என்பது அவர் கொள்கை. “இன்னாய்யா பண்றே? அய்யா கழுத்துய்யா அது. போர் பைப்புன்னு நெனச்சிக்கினியா?”

“சும்மா தொட்டுக்கினுதான் சார் கீறேன்.”

“தொட்டதுக்கே அய்யாக்கு முழி வெளிய வந்துட்ச்சே!”

அடுத்தவள் நகரியைச் சேர்ந்த கோமளா. கைகள் பூப்போன்றவை. நாக்கு மட்டும் அப்படியன்று. “முனிரத்தினம் அண்ணா, மஸ்கட்ல உன்னைய எண்ணெய்க் கெணறு தோண்டத்தான் எடுப்பாங்க” என்பாள்.

தலைசுற்றலுக்கான சோதனை விந்தையானது. நெற்றிப் பட்டையில் ஒரு டார்ச் விளக்கைச் செருகிக் கட்டி, சுவரில் வரைந்த வட்டத்தின் நடுவில் ஒளி விழுமாறு அமர்த்துவார்கள். பிறகு கண்ணை மூடித் தலையைத் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். ஒளி வட்டத்துக்குள் வந்து சேர்ந்தால் கழுத்துக்குத் தன் இடம் தெரிகிறது என்று பொருள். “கழுத்து தன் எடத்த மறந்துட்ச்சின்னா, பாவம், மண்ட தனியா நின்னுக்கினு தடுமாறும்” என்று பீரோ சார் விளக்குவார். எல்லார் தலையிலும் டார்ச்சைக் கட்டினார். தம் தலையில் மட்டும் ஒருநாளும் கட்டிக்கொண்டதில்லை.

அவர் முழு உடலோடு திரும்புவதை மாணவர்கள் வேறு விதமாகப் புரிந்துகொண்டதுதான் வேடிக்கை. கழுத்தைப் போற்றுவோர் மேற்கொள்ள வேண்டிய நோன்பு அது என்று கருதி, முதல் அணியினர் அனைவரும் அவ்வாறே திரும்பத் தொடங்கினர். சிற்றுண்டிக் கடையில் பின்னாலிருந்து ஒருவன் “சட்னி?” என்று கேட்டால், ஒரு வரிசை நாற்காலிகளே கிறீச்சிட்டுத் திரும்பும். கடைக்காரர் என்னைத் தனியே அழைத்து, “அய்யவாரு, உங்க மாடில புது மதம் எதுனா கத்துக் குடுக்கறாங்களா?” என்று கவலையோடு வினவினார்.

இந்நோன்பின் உண்மையைச் சற்றே முகர்ந்தவர் எதிர்ச்சாரியில் இருந்த சலூன்காரர் மட்டுமே. முடிவெட்டி முடித்ததும் வாடிக்கையாளர் தலையைப் பற்றி ‘மடக்’ என்று ஒரு திருப்புத் திருப்புவது அவர் வழக்கம். அவ்வொலி கேட்கும்போதெல்லாம் பீரோ சார் மாடிப்படியில் தடதடவென்று இறங்குவார்.

“யோவ், ரத்தக் கொழாய் போற எடம்யா அது! மெல்லகா!”

“சாரூ, நா தெனம் ஊரு கழுத்தெல்லாம் திருப்பறேன். நீங்க உங்க கழுத்த ஒரே ஒரு வாட்டி திருப்பிக் காட்டுங்க. கத்தியக் கீழ வெச்சிர்றேன்.”

பீரோ சார் பாதங்களை நகர்த்தி, முழுதாகத் திரும்பி, மாடியேறிவிட்டார். சலூனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இன்னொரு புதிர். மலையடிவாரத்திலேயே குடியிருந்தும் அவர் மேலே சென்றதே இல்லை. கேட்டால், “பெருமாள் கூப்புடணும் அய்யா. கூப்புடாம போனா மரியாதையா?” என்பார். திருப்பதியில் அவ்விடைக்கு மறுப்புரைக்கத் துணிந்தவர் எவருமில்லை.

பெருமாள் அழைக்கவில்லை. தங்கை அழைத்தாள்.

அவருக்கு ஒரே தங்கை. கணிப்பொறி வேலை பார்த்த கணவனோடு அமெரிக்கா சென்றவள். நெடுங்காலம் காத்திருந்து பெற்ற மகனோடு விடுமுறையில் வருவதாகத் தெரிவிக்க, ஒரு விடியற்காலையில் என் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தாள். கடல்கடந்து வரும் குரலாயிற்றே என்று அவள் உரக்கப் பேசியதால் எனக்கும் கேட்டது.

“ண்ணா, கொழந்தைக்கு மலைல மொட்ட. மாமன் நீதான், உன் மடிலதான் ஒக்கார வெக்கணும்.”

“கீழயே எடுத்துட்டா இன்னாம்மா? இங்க ஒரு சலூன்...”

“இன்னாண்ணா நீ? செத்துப்போன அம்மா வேண்டிக்கினது. மலைலதான், உன் மடிலதான். நீ வரலன்னா மொட்டையே இல்ல. அப்படியே கூட்டிக்கினு ஊருக்குப் போய்டுவேன்.”

மறுநாள் காலை பீரோ சார் யாரிடமும் சொல்லாமல் மலைப் பேருந்தில் ஏறினார். விரைவிலேயே ஆட்டோவில் திரும்பி வந்தார். முகம் சுண்ணாம்பு பூசியது போலிருந்தது. அலிபிரிச் சோதனைச் சாவடியில் பேருந்து வளைந்து நின்றபோதே இறங்கிவிட்டாராம். மலை அதுவரை தொடங்கவே இல்லை.

என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து மோர் அருந்தியபின் சொன்னார். “பலமனேர் ரோட்ல ஒரு பஸ்ஸு, திடீர்னு பிரேக் அட்ச்சான் அய்யா. அன்னிலேர்ந்து தலைய திருப்புனா பூமியே திரும்புது. யார் கிட்டயும் சொல்லல. தல சுத்தறவன் கிட்ட, தல சுத்தலுக்கு வைத்தியம் கத்துக்க எவன் வருவான்?”

“தங்கள் மாணவர்களிடமே காட்டலாமே?”

“முனிரத்தினம் கையிலயா?” என்று பதறினார்.

“அக்கைகளைத்தானே மஸ்கட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள்? அங்கே உள்ளவர்களின் கழுத்து மட்டும் என்ன பாவம் செய்தது?”

மோர்க்குவளையைக் கீழே வைத்தார். பிறகு மாடியேறினார்.

மாதிரிக் கழுத்துக்குரிய மேசையில் ஆசிரியரே வந்து அமர்ந்ததைக் கண்டு கூடம் திகைத்தது. விவரம் தெரிந்ததும், நோன்பு காத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர், கழுத்தைத் திருப்பியே. கோமளாதான் முதலில் தெளிந்தாள்.

“பார்வ ரெண்டு ரெண்டா தெரியுதா சார்? பேச்சு கொழறுதா? முழுங்கறதுக்குக் கஷ்டமா கீதா?”

“நானே சொல்லிக் குடுத்த கேள்விய எனக்கே கேக்கறியா?”

“கேக்காம கழுத்தத் தொட்டா கைய ஒடப்பேன்னு சொன்னது யாரு சார்? டாக்டர் கிட்ட காட்டிட்டு வாங்க. அப்பாலதான் தொடுவோம்.”

மருத்துவரிடம் காட்டி, அஞ்சத்தக்க நோய் ஏதுமில்லை, கோளாறு கழுத்தில்தான் என்று தெரிந்துகொண்டு வந்தார். நெற்றியில் டார்ச்சைக் கட்டினார்கள். கண்ணை மூடினார். தலையை இடப்புறம் திருப்பினார். மீட்டுக் கொண்டுவந்தார். ஒளி வட்டத்தைத் தேடவேயில்லை. தொலைவிலே தொங்கிய நாட்காட்டியில், பெருமாளின் திருவடிமேல் போய் நின்றது.

முனிரத்தினம் மெல்லிய குரலில், “சார்... பெருமாள் கூப்ட்டுட்டாரு” என்றான்.

முதலில் சிரித்தவர் பீரோ சார். சிரித்தபோது தலை ஆடிற்று. உடனே மேசையைப் பற்றிக்கொண்டார்.

முனிரத்தினம் தன் பெருவிரல்களை அவர் பிடரியில் வைத்தான். ‘மெல்லகா’ எழும் எழும் என்று நாங்கள் காத்திருந்தோம். எழவில்லை. எழுந்தது குறட்டை. அவன் பெற்றிருக்கக்கூடிய சான்றிதழ்களுள் அதனினும் உயர்ந்தது வேறில்லை. அன்றுமுதல் நாள்தோறும் கைச்சிகிச்சை நடந்தது. வீட்டு நடையில் ஒரு காலின் குதிகால் மறு காலின் பெருவிரலை ஒட்டுமாறு நடந்தபடியே இடமும் வலமும் பார்க்கும் பயிற்சியும் நடந்தது. ஆசிரியர் அவசரப்பட்டால் மொத்த வகுப்பும் “மெல்லகா!” என்று கத்தியது. அவர் டார்ச்சின் ஒளி நாட்காட்டியை விட்டு அங்குலம் அங்குலமாக வட்டத்தை நோக்கி நகர்ந்தது. முற்றிலும் வந்து சேருமுன் தங்கை வந்து சேர்ந்தாள்.

மலைப் பேருந்தில் நாங்கள் அனைவரும் ஏறினோம். முனிரத்தினம் அவர் பின்னிருக்கையில் அமர்ந்து, விழப்போகும் குடத்தைத் தாங்குபவன் போல இரு கைகளையும் விரித்தபடி வந்தான். வளைவு தோறும் “மெல்லகா!” என்று கூட்டமாக முழங்கினோம்.

ஓட்டுநர் பொறுமையிழந்தார். “இன்னாய்யா மெல்லகா? இதுக்கு மேல மெல்லகா போனா, நடந்து போறவன் முன்னாடி போய் லட்டு வாங்கிக்கினு எறங்கிடுவான்!”

பீரோ சாரின் முகம் வெளிறிற்று. வியர்வை வழிந்தது. தங்கையின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கவில்லை.

மொட்டையடிக்கும் கூடத்தில் குழந்தை அவர் மடியில் அமர்ந்து எட்டுத் திக்கும் தலையைச் சுழற்றி அழுதது. நாவிதர் அச்சிறு தலையைக் குனிய வைத்தபோது ‘மெல்லகா’ எங்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பீரோ சாரோ நாவிதரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. குழந்தையின் பிடரியைத் தம் உள்ளங்கையில் தாங்கி, “மெல்லகா, கண்ணா, மெல்லகா” என்று அதன் செவியில் முணுமுணுத்தார். அழுகை அடங்கியது. அடுத்து, வேண்டுதல் ஏதும் இல்லாமலே தம் தலையையும் நீட்டினார்.

வெளியே வந்ததும், எங்களுக்குப் பின்தங்கி நின்ற தங்கை புகைப்படக் கருவியை உயர்த்தி, “ண்ணா, இங்க பாரு!” என்று அழைத்தாள். பீரோ திரும்புவதற்கு வழிவிட்டு நாங்கள் விலகி நின்றோம். பாதங்கள் நகரவில்லை. தோளில் குழந்தையோடு, கழுத்தை மட்டும் திருப்பி, அவர் தங்கையைப் பார்த்துச் சிரித்தார்.

இன்று முனிரத்தினமும் கோமளாவும் மஸ்கட்டில் இருக்கிறார்கள். பீரோ சார் இப்போது எங்களோடு இல்லை. இரு மொட்டைத் தலைகள் பளபளக்கும் அப்படம் என் எழுதுமேசைக்கு இடப்புறச் சுவரில், சற்றுப் பின்தள்ளி மாட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தை நன்றாகத் திருப்பியாக வேண்டும். வேண்டுமென்றேதான் அங்கே மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பக்கமும் எழுதி முடித்ததும் ஒரு முறை பார்க்கிறேன், மெல்லகா.