மகாராஜாவின் கழுத்துப் பாசி

நெருப்பில் பிறப்பான், வயிற்றில் ஓட்டையோடு பிறப்பான். நூல் கிடைத்தால்தான் கூட்டாளிகளோடு சேருவான். யார் அவன்?

கண்ணாடிப் பாசிமணி. விடை தெரிந்தவர்கள் அதை மாரிராஜிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். சங்கரன்கோவிலில் பாசி என்ற பேச்சை எடுத்தாலே எரிந்து விழுகிற ஒரே மனிதர் இப்போது அவர்தான்.

வீட்டில் வளர்ந்த கிடாவைக் கோயில் கொடைத் திருவிழாவில் பலி கொடுக்கத் தருவதாக மாரிராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். கிடாவின் பெயர் மகாராஜா. பெயர் வைத்தவள் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கோமதித்தாய். அவள் அழுது அழுது கண் வீங்கிக் கிடந்தாள். அவள் அம்மா பிரேமலதா மட்டும் வாயே திறக்கவில்லை. மாரிராஜ் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

கிடாவைப் பிடித்துப்போகக் கொடைக் கமிட்டித் தங்கசாமி அண்ணாச்சி கயிற்றோடு வந்தபோது, மகாராஜாவின் கழுத்தில் ஒரு பாசிமாலை தொங்கியது.

“இது என்னட்டி கூத்து?” என்று மாரிராஜ் மனைவியிடம் கேட்டார்.

“எங்க அப்பா வீட்டுக் குலசாமிக்கு நேர்ந்தாச்சு. நேர்ந்த ஆட்டுக்கு எங்க தாத்தா காலத்துப் பாசியக் கட்டுவோம். கட்டினத வேற கோயிலுக்குக் குடுக்கக்கூடாது.”

மாரிராஜுக்குச் சுள்ளென்று ஏறியது. “தாத்தா காலத்துப் பாசியா? நேத்து ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கினதா இருக்கும். யாருகிட்ட கதை விடுத?”

அப்படிக் கேட்க அவருக்குத் தகுதி உண்டு. மழை விட்டதும் தரிசுக் காட்டில் தலையைக் குனிந்தே நடந்து பழைய பாசி பொறுக்குவார். பொறுக்கியதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, அகப்பட்டவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவார்.

“அப்ப நீங்களே பார்த்துச் சொல்லுங்க. புதுசுன்னா ஓட்டிட்டுப் போகட்டும்.”

“பழசா இருந்தா, அடுத்த சாமி ஆட்ட நான் தொடமாட்டேம்மா” என்றார் அண்ணாச்சி.

மாரிராஜ் லென்ஸோடு குத்தவைத்து உட்கார்ந்தார். மாலையைக் கன்னத்தில் வைத்தார். சில்லென்று இருந்தது.

“பிளாஸ்டிக் இப்படிக் குளிராது. அச்சுல வார்த்திருந்தா ரெண்டு பாதி ஒட்டின கோடு தெரியும். அதுவும் இல்ல. துளை ஓரத்தப் பாருங்க, ஒண்ணோட ஒண்ணு உரசித் தேய்ஞ்சிருக்கு. ஒரு நாள்ல வாற தேய்மானமா இது?”

மகாராஜா அவருடைய சட்டைப் பையை மென்றது. அவர் கவனிக்கவில்லை.

“உள்ள குமிழி இருக்கு பாருங்க. துளை போற பக்கமே நீண்டு கிடக்கு. உருகின கண்ணாடிய நீளக் குழாயா இழுத்து, துண்டு துண்டா நறுக்கி, திரும்பச் சூடாக்கி முனைய மழுக்குவாங்க. அதான் இப்படி. கம்பியில சுத்திச் செஞ்ச பாசின்னா குமிழி துளையச் சுத்தி ஓடும்.”

“அதனால?” என்றாள் பிரேமலதா.

“அதனால என்ன அதனால? அசல் பழசு. சந்தேகமே இல்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

“நீரே சொல்லிட்டீரே வே” என்று அண்ணாச்சி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

மாரிராஜ் மறுபடி லென்ஸை வைத்தார். நடுவில் ஒரு செங்கல் நிறப் பாசி, ஓரம் உடைந்தது. போன மழைக்கு அதைப் பொறுக்கியவரே அவர்தான். டப்பாவில் உதிரியாகக் கிடந்தவை மாலையாகக் கோத்ததும் வேறு முகம் காட்டியிருந்தன. உள்ளே ஓடினார். டப்பாவில் ஒரு மணிகூட இல்லை.

“ஏட்டி, இது என் பாசி. இந்த அநியாயத்த அண்ணாச்சிகிட்டச் சொல்லாம விடமாட்டேன்.”

“தெரு முக்குலதான் போறாரு. கூப்பிட்டுச் சொல்லுங்க. உங்க பாசிய உங்களுக்கே அடையாளம் தெரியலன்னு.”

மாரிராஜ் வாசல் வரை போனார். திரும்பி வந்தார்.

கிடாதான் போகவில்லை, பாசியாவது மிஞ்சட்டும். கடைக்குப் போய் ரோஜா நிறப் பிளாஸ்டிக் மாலை ஒன்று வாங்கி வந்தார். பழசை மகளே கேட்டு வாங்கினால் பிரேமலதா தடுக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டு, மகளை எதிரே உட்கார வைத்தார்.

“மக்கா, ஒண்ணு ஆட்டுக்கு, ஒண்ணு உனக்கு. அந்தப் பழசு மண்ணுக்குள்ள எத்தனையோ காலம் கிடந்தது, ராஜாக்கமாரு காலத்ததாக்கூட இருக்கும். இந்தப் புதுசு வெயில் பட்டா வெளுத்துப் போகும். உனக்கு எது வேணும்? நல்லா யோசிச்சு எடு.”

கோமதித்தாய் நன்றாக யோசித்தாள். ரோஜா நிற மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.