ரசீது கேட்ட மருமகன்

காஸ்தெல்ரோஸ்ஸோ,
நவம்பர் மாதம், மழை.

மதிப்பிற்குரிய மாமா தொனாத்தோ அவர்களுக்கு, தங்கள் கையை முத்தமிட்டு மருமகன் கார்மினே எழுதுவது. எல்லாப் புனிதர்களின் தயவாலும் நாங்கள் மூவரும் நலம். தங்கள் முழங்கால் நலமா, கோழிகள் நலமா என்று அறிய ஆவல்.

உங்கள் மகள் ரொசால்பா மறுபடி ஆஸ்பத்திரி வேலைக்குப் போவதால், பேரன் சாவினோவைப் பார்த்துக்கொள்ள நீங்களே பெட்டி கட்டிவிட்டதாக உங்கள் மகன் வீத்தோ சொன்னான். மாமா, இந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்! ஆனால் வேண்டாம். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் காலையில் ஒயினில் ரொட்டி தோய்த்துக் கொடுத்ததையும், அடுத்த தெருவுக்கும் சேர்த்து ரேடியோ வைத்ததையும் போன ஈஸ்டருக்கே அனுபவித்தாயிற்று. அதனால்தான் சாவினோவை எர்சிலியா அம்மாளின் குழந்தைகள் காப்பகத்தில் விட்டிருக்கிறோம். அந்தச் செலவில் பெரும்பங்கை அரசாங்கமே திருப்பித் தருகிறதாம். தந்தால் பிள்ளை அங்கே இருப்பான். தராவிட்டால் நீங்கள் வருவீர்கள். ஆகவே உயிரைக் கொடுத்து அலைகிறேன்.

நானும் ஊரில் எல்லோரையும் போலத்தான் பிள்ளையைச் சேர்த்தேன். எர்சிலியா அம்மாள், "ரசீதோட ஒரு விலை, ரசீது இல்லாம ஒரு விலை. உனக்கு எது?" என்றாள். இதெல்லாம் ஒரு கேள்வியா? நம் பக்கம் ரசீது வாங்குகிறவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லாவிட்டால் பைத்தியக்காரன். ரசீதும் வரியும் இல்லாத விலைக்கே கைகுலுக்கிவிட்டு வந்தேன். பிறகு அரசாங்கப் பணத்துக்கு விண்ணப்பம் போட அலுவலகத்துக்குப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், "ரசீது எங்கண்ணே?" என்றாள். "எர்சிலியாம்மா வாக்கு இருக்கே!" என்றேன். "வாக்கை ஸ்கேன் பண்ண முடியாதுண்ணே" என்றாள். வாய்க்கொழுப்பைப் பாருங்கள்!

சரி என்று காப்பகத்துக்குப் போய், தாய்மார்கள் எல்லாம் பிள்ளைகளை அழைத்துப் போக நிற்கிற நேரம் பார்த்து, வாசலிலேயே, "எர்சிலியாம்மா, எனக்கு ரசீது வேணும், அரசாங்கத்துக்குக் காட்டணும்!" என்று சத்தமாகக் கேட்டுத் தொலைத்தேன். அவ்வளவுதான். விடிவதற்குள் கார்மினே வரித்துறைப் போலீசில் சேர்ந்துவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. முடிவெட்டும் கொசிமோ என் தலையைப் பாதி வெட்டியதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ரசீது எழுதினான், விலையையும் ஏற்றிவிட்டான். மீன்காரன் நாலு மத்திக்கு ரசீது நீட்டி, "எம்புள்ளைங்க மேல சத்தியமா, நான் எப்பவும் இப்படித்தாங்க கார்மினே ஐயா" என்கிறான். நேற்றுவரை "டேய்" போட்ட பயல்! காபிக் கடையில் நான் நுழைந்தால் சீட்டாட்டம் நின்றுபோகிறது. பாதிரியார்கூடக் காணிக்கைத் தட்டை என்னிடம் நீட்டாமல் தாண்டிப் போனார். சட்டைப்பை நிறைய ரசீது, மாமா, காப்பக ரசீதைத் தவிர.

உங்கள் மகள் வேறு, "காதோட காதா கேளுங்கன்னா, தண்டோரா போட்டுட்டு வந்து நிக்கிறீங்களே!" என்று கரித்துக்கொட்டுகிறாள்.

ஆனாலும் கவலை வேண்டாம். அடுத்த மாதத்திலிருந்து ரசீது தருவதாக எர்சிலியா அம்மாள் நடுங்குகிற குரலில் ஒப்புக்கொண்டுவிட்டாள். ஆகவே பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வையுங்கள். தங்கள் முழங்காலுக்காக மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். சாவினோ முத்தம் அனுப்புகிறான்.

என்றும் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
கார்மினே

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் எர்சிலியா அம்மாள் காப்பகத்தை இழுத்துப் பூட்டி, சுவருக்கு வெள்ளையடிப்பதாகப் பலகை மாட்டிவிட்டாள். ரொசால்பா வேலைக்குப் போயாயிற்று. சாவினோ காலையிலிருந்து என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டுகிறான். உங்களை உடனே அனுப்பச் சொல்லி வீத்தோவுக்குப் போன் போட்டால், "அப்பா வரமாட்டாராம் மச்சான். தோட்டத்து எண்ணெயை ரசீது இல்லாமத்தானே இத்தனை வருஷமா விக்கிறாரு? போலீஸ்காரன் வீட்ல எப்படிடா தங்கறதுன்னு கேக்கறாரு" என்கிறான். மாமா! நான் போலீஸ் இல்லை! உங்கள் காலில் விழுகிறேன், அடுத்த பஸ்ஸிலேயே வாருங்கள். இனி இந்த ஜன்மத்தில் எவனிடமாவது ரசீது கேட்டால் என் பேர் கார்மினே இல்லை.