முச்சந்தியில் போன சாவிக்கூடு

‘அதேதான்’ மாதிரி ஒரு மனிதர் கீழ்வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தனியாக எதிரி என்று ஒருவர் வேண்டாம்.

சென்னீர்குப்பத்தில் எங்கள் ஃபிளாட்டின் தரைத்தளத்தில் இருந்தார். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. எந்த டூப்ளிகேட் சாமானையும் தூக்கிக் காட்டி, “கம்பெனிது இன்னா, இது இன்னா? அதேதான் நைனா” என்பார். எங்கள் வீட்டுக்கு அவர் மாட்டிக்கொடுத்த காலிங்பெல், எதிர்வீட்டில் மிக்ஸி போட்டால் குருவியாகக் கத்தும். காசு வாங்க மாட்டார். அதனால் திட்டவும் வழியில்லை.

என் கார் சாவியின் ரிமோட் கூடு உடைந்து, ரப்பர் பேண்டில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. இருந்ததே அந்த ஒரு சாவிதான். கம்பெனியில் கூடு மட்டும் தர மாட்டார்களாம். நான் அலுத்துக்கொண்டது அவர் காதில் விழுந்துவிட்டது. என் கெட்ட நேரம். அன்று சாயங்காலமே பூந்தமல்லியில் வாங்கிய புதுக் கூட்டோடு வந்து நின்றார்.

தன் ஸ்கூட்டர் சீட்டில் பேப்பர் விரித்து, பழைய கூட்டின் உள்ளே கண்ணில் பட்டதையெல்லாம் புதியதற்கு மாற்றி மூடினார். பட்டனை அழுத்தினேன். கார் கதவு திறந்தது. அதோடு விட்டிருக்கலாம். அன்று அமாவாசை. கண்ணு பட்டுத்தான் கூடு உடைந்தது என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தோடு பழைய கூட்டையும் சேர்த்துக் காருக்குத் திருஷ்டி சுற்றி, முச்சந்தியில் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

மறுநாள் காலை மகளுக்கு அம்பத்தூரில் இன்டர்வியூ. படிப்பு முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. கதவு திறந்தது, எஞ்சின் மட்டும் கிளம்பவில்லை. மெக்கானிக்குக்கு போன் போட்டேன். பழைய கூட்டின் மூலையில் அரிசி அளவுக்கு ஒரு சிப் ஒட்டியிருக்குமே, அதையும் மாற்றினீர்களா, அது இல்லாமல் வண்டி கிளம்பாதே என்றார். கீழே போய் அதேதானின் கதவைத் தட்டினேன்.

முச்சந்திக்கு ஓடினோம். கடைக்காரர்கள் அமாவாசைக்கு உடைத்த பூசணிக்காய் ரோடு முழுக்கக் கிடந்தது. அதேதான் லுங்கியை மடித்துக் கட்டி, மண்டி போட்டு, குங்குமச் சேற்றைத் துழாவினார். பார்த்தவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். கூடு கிடைத்தது. லாரி ஏறியிருந்தது. சிப் தூள்தூள்.

மனுஷன் முகம் செத்துப்போயிற்று. “ஏறு பாப்பா, நான் இட்டுகினு போய் உட்றேன்” என்று மகளை ஸ்கூட்டரில் ஏற்றினார். அந்த ஸ்கூட்டரில் கம்பெனி சாமான் என்று ஒரு திருகாணிகூடக் கிடையாது. எல்லாம் போச்சு என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மதியம் மகள் வெளியே வந்தபோது, லுங்கியில் பூசணி விதை ஒட்டியபடி, டீகூடக் குடிக்காமல் கேட் ஓரமாக நின்றிருந்தாராம். “கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னியா பாப்பா? என்னால எதுவும் கெட்டுப்போவலயே?” என்று கேட்டாராம். எதுவும் கெடவில்லை, வேலை கிடைத்தது. கார்தான் கம்பெனி சாவி வரும்வரை வெயிலில் காய்ந்தது.

போன வருஷம் அதேதான் தன் மகன் வீட்டோடு ஆவடிக்குப் போய்விட்டார். இப்போது அந்தக் கம்பெனி சாவியின் பட்டனும் தேய்ந்துவிட்டது. மெக்கானிக்கிடம் போகாமல் ஆவடிக்குக் கிளம்பினேன். மனைவி தடுக்கவில்லை, ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் கொடுத்தாள். பட்டனெல்லாம் சாக்கு. அவரைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.