ஒருநிமிசமும் ஒன்றேகால் கிலோ கேமராவும்

அடிக்காமல், திட்டாமல், இரண்டே இரண்டு சொற்களால் ஒரு மனிதனைப் பைத்தியமாக்க முடியும் என்று எனக்குக் காட்டியவர் எங்கள் ஒருநிமிசம். அந்த இரண்டு சொற்கள் "ஒரு நிமிசம்" என்பவைதான். அத்திப்பள்ளி டிராஃபிக்கில் நின்றபோதுகூட எனக்கு அப்படி ரத்தம் கொதித்ததில்லை. டிராஃபிக்காவது எப்போது நகரும் என்று வாக்குக் கொடுப்பதில்லை. இவர் கொடுப்பார்.

அவருடைய உண்மையான பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. ஓசூர் சிப்காட்டில் பிரேக்குக்கான அலுமினிய பிஸ்டன் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. அவர் டூல் ரூம், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை. நான் குவாலிட்டி. எதிரே நின்றால் "அண்ணா" என்போம், முதுகைத் திருப்பியதும் ஒருநிமிசம். சொந்த ஊர் அஞ்செட்டிப் பக்கம். அங்கே ஒரு பஸ்ஸை விட்டவர்கள் அடுத்தது எப்போது என்று கேட்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுவார்களாம். அதனால் காத்திருப்பது அவருக்கு ஒரு வேலையாகவே தெரியாது. நான் சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். எங்களுக்கு ஒன்று கிளம்பும்போதே அடுத்தது பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்.

அவரை நினைத்தாலே எனக்குப் பர்வீனின் வேலை போகவிருந்த அந்தச் சனிக்கிழமைதான் ஞாபகம் வருகிறது. அன்று ஒரு பெண்ணின் பிழைப்பு ஒரே ஒரு போட்டோவில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த போட்டோவை எடுக்க இந்த மனிதர் மூன்றரை மணி நேரம் "ஒரு நிமிசம்" சொன்னார். அதற்கு முன்னால் அவருடைய கேமராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கேட்டில் யார் நுழைந்தாலும் செல்போன் கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே செல்போனில் படம் எடுக்கவே கூடாது. தலைமை அலுவலகம் போட்ட விதி, மேனேஜர் நினைத்தாலும் தளர்த்த முடியாது. பழுதான பீஸ்களைப் படம் எடுப்பதற்கென்று குவாலிட்டியில் ஒரு பாக்கெட் கேமரா உண்டு. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. இருபது மெகாபிக்சல். அது இருக்கிற டிராயரின் சாவி என்னிடம்.

ஒருநிமிசத்திடம் இருந்தது பழைய டிஎஸ்எல்ஆர். பெங்களூரில் ஒரு பத்திரிகை போட்டோகிராபர் பல வருடம் போட்டு அடித்துவிட்டு விற்றதை வாங்கியிருந்தார். மூலைகளில் கறுப்புப் பெயிண்ட் உதிர்ந்து உலோகம் பல்லை இளிக்கும். லென்ஸ் இல்லாமலே ஒன்றேகால் கிலோ. மெகாபிக்சல் பன்னிரண்டே பன்னிரண்டு. கருவிகளின் தேய்மானத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதி, எட்டு மாதம் அலைந்து, அதை உள்ளே கொண்டுவர அனுமதி வாங்கியிருந்தார். எட்டு மாதம் அவர் கணக்கில் எட்டு நிமிஷம். முதல் நாள் கேட்டில் செக்யூரிட்டி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏனண்ணா இது, கேமராவா கிரைண்டரா?" என்று கேட்டார்.

"அண்ணா, என்னோடது இருவது. உங்களோடது பன்னெண்டு. எதுக்கு இந்தப் பாறாங்கல்லைச் சொமக்கறீங்க?" என்று நான் வாரம் ஒருமுறையாவது கேட்பேன்.

"அரிசியை எண்ணிப் பாத்தா சோறு எப்பிடின்னு தெரியுமா சார்? உங்க டப்பாவுல இருவது பேரும் ஒரே ரூம்ல வாடகைக்கு இருக்கறாங்க. நம்மளோடதுல பன்னெண்டு பேருக்கும் தனித்தனி ரூமு. காத்தோட்டமா இருக்கறாங்க."

"படம் வர்றதுக்குள்ள ரூமையே காலி பண்ணிடறாங்களே அண்ணா."

"ஒரு நிமிசம் சார்," என்பார். பதில் யோசிக்க அவகாசம் கேட்பதாகத்தான் நினைப்போம். சாயங்காலம் வரை பதில் வராது.

ஒருமுறை பிஸ்டனில் முடி போல ஒரு விரிசல். நாலு மணிக்குள் போட்டோ வேண்டும் என்று கஸ்டமர் கத்துகிறார். என் கேமராவில் சார்ஜ் இல்லை. அதற்கு எப்போதுமே சார்ஜ் இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஒருநிமிசத்தைக் கூப்பிட்டேன். ஜன்னலோரம் ஒரு கறுப்புத் துணியை விரித்தார், பிஸ்டனை வைத்தார், எடுத்தார், திருப்பி வைத்தார். ஒன்றேகால் மணி நேரம். வந்த படத்தைப் பார்த்து ஆபீஸே வாயைப் பிளந்தது. நகைக்கடை காலண்டர் தோற்றது. ஆனால் அவருடைய லென்ஸ் எதன் மேல் கண் வைக்கிறதோ அது மட்டும்தான் தெளிவாக விழும். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற உலகம் கரைந்து போய்விடும். அவர் கண் வைத்தது பளபளத்த விளிம்பின் மேல். விரிசல் கரைந்த பக்கத்தில் இருந்தது. "படம் அருமை, விரிசல் எங்கே?" என்று கஸ்டமர் பதில் போட்டார். நான் சார்ஜ் ஏற்றி, என் சோப்பு டப்பாவில் இரண்டே விநாடியில் எடுத்து அனுப்பினேன். விரிசலும் தெரிந்தது, மேஜையில் இருந்த டீக்கறையும் தெரிந்தது. என் கேமராவுக்கு உலகத்தில் எல்லாமே ஒன்றுதான்.

பாதுகாப்பு வார குரூப் போட்டோ இன்னும் மோசம். அறுபது பேரை மூன்று வரிசையில் நிற்க வைத்து, மேகம் விலகட்டும் என்றார். ஓசூர் மேகம் அப்படிச் சட்டென்று விலகுகிற ஜாதி இல்லை. முதலில் டைரக்டர் காரேறிப் போனார். பிறகு ஷிப்ட் முடிந்து முப்பது பேர் போனார்கள், மிச்சம் பேரில் பலர் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் வந்த படத்தில் பாதுகாப்பைப் பற்றி அக்கறை உள்ளவர்கள் பதினோரு பேர்தான். நான் பன்னிரண்டாவதாக, ஓரத்தில் வெளியே ஓடிக்கொண்டிருந்தேன்.

இப்போது பர்வீனுக்கு வருகிறேன். மத்தூர்க்காரி. ஓசூரில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள், காண்ட்ராக்டில் வேலை. அவள் பார்க்கிற லைனில் வரும் பிஸ்டன்களில் சிலதின் விளிம்பு நசுங்கியிருந்தது. ஆபரேட்டரான இவள் தட்டில் தூக்கி எறிகிறாள், அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்டால், "கையாளும் முறை சரியில்லை" என்று எழுதி அவளைக் காண்ட்ராக்டரிடம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு வரி போதும், சிப்காட்டில் வேறு கேட் திறக்காது.

"சார், எங்கப்பா மத்தூர் சந்தையில முட்டை வியாபாரம். பத்து வயசுல இருந்து அட்டையில முட்டை அடுக்குன கை இது," என்று என்னிடம் கையைக் காட்டினாள். "நான் எறியல. மெசின்ல இருந்து எறங்கறப்பவே ரெண்டு பீஸு மோதிக்குது. சத்தம் கேக்குது சார். கண்ணுக்குத்தான் சிக்க மாட்டேங்குது."

அந்த மெஷினுக்கு இரண்டு சின்னக் கதவுகள். இடது கதவிலிருந்து ஒரு பிஸ்டன், பிறகு வலது கதவிலிருந்து ஒன்று, சரிவான தகட்டில் வழுக்கித் தட்டுக்கு வரும். எப்போதாவது இரண்டும் தகட்டில் இடித்துக்கொள்கின்றன என்பது அவள் வாதம். எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், மரியாதையாகவே கழுத்தை அறுப்பார். "ஏனுங்க, இருக்கலாமுங்க. ப்ரூஃப் குடுங்க, நான் கேட்டுக்கறனுங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் என் பாக்கெட் கேமராவோடு அந்தத் தகட்டின் முன் உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினால் அது உடனே எடுக்காது. ஒரு பச்சைக் கட்டம் வரும், உள்ளே ஏதோ முனகும், யோசிக்கும், பிறகு எடுக்கும். நூற்று நாற்பது படங்கள். அத்தனையும் காலித் தகடு. வீடியோவில் பிஸ்டன் பால் கோடு மாதிரி இழுபட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக, ஆள் அனுப்பாமல் நானே டூல் ரூமுக்கு நடந்து போய் ஒருநிமிசத்தைக் கூப்பிட்டேன். அவமானம்தான். என்ன செய்வது?

சனிக்கிழமை ஒன்றேகால் மணிக்கு வந்தார். தகட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், லாரியில் சரக்கு ஏற்றுகிற பெரிய கதவைப் பார்த்தார்.

"டியூப் லைட்டு பத்தாது சார். பழைய கேமரா, இருட்டுல எடுத்தா படம் பொறிபொறியா வரும். அந்தக் கதவு வழியா நாலரைக்கு வெயிலு இங்க விழும். ஒரு நிமிசம், இருங்க."

"அண்ணா, அஞ்சு மணிக்கு அந்தம்மா வேலை போவுது!"

"அதுக்கோசரம்தான் சார் சொல்றேன். ஒருக்காதான் கெடைக்கும்."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மணி. மூன்று மணி. பர்வீன் ஒவ்வொரு பிஸ்டனாக எடுத்து அடுக்கியபடி என்னைப் பார்க்கிறாள், நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், இவர் எதையும் பார்க்கவில்லை. தூங்குகிறார் என்றே நம்பினேன். ஸ்டூலை ஒரு உதை விடலாமா என்றுகூட யோசித்தேன். கேமரா கீழே விழுந்தால் தரை உடையும் என்பதால் விட்டேன்.

மூன்றரைக்கு ஒரு லாரி வந்து அந்தக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் கண்ணைத் திறந்தார். ஓடிப்போய் டிரைவரிடம் கன்னடத்தில் "ஒந்து நிமிஷ, ஒந்து நிமிஷ" என்று கெஞ்சி, லாரியைப் பின்னால் எடுக்க வைத்தார். எந்த மொழியானாலும் மனிதரிடம் சரக்கு ஒன்றுதான். நாலேகாலுக்கு மேகம் மூடியது. டிரைவர் இறங்கி வந்து, ஒரு நிமிஷம் என்று சொல்லி ஒரு மணி நேரம் ஆகப்போகிறது என்று தன் பாஷையில் சத்தம் போட்டார். நான் அவர் பக்கம்தான்.

நாலு நாற்பதுக்கு மேகம் விலகியது. கதவு வழியாக வந்த வெயில் நேராகத் தகட்டின் மேல் விழுந்தது. ஒருநிமிசம் முழங்காலிட்டு கேமராவைக் கண்ணில் வைத்தார். பிஸ்டன்கள் இறங்குகின்றன, இவர் அழுத்தவில்லை. பத்து, இருபது, முப்பது. "அழுத்துங்கண்ணா!" என்று நான் அலறியே விட்டேன். மெஷினில் "கிர்" என்று ஒரு மெல்லிய சத்தம். உடனே டகடகடகவென்று கேமரா வெடித்தது.

"வந்துடுச்சு சார்," என்று எழுந்தார்.

"எப்பிடித் தெரிஞ்சுது?"

"மூணு மணி நேரமாக் கேட்டுனு இருந்தனே. எடது கதவு எப்பவாச்சும் சிக்கும். சிக்குனா கிர்ருங்கும். அப்ப அந்தப் பீஸு லேட்டா எறங்கி வலது பீஸோட சேந்து விழுது. அந்தச் சத்தத்துக்குத்தான் காத்துனு இருந்தேன்."

மனிதர் தூங்கவே இல்லை. அந்தச் சத்தம் தெரிந்திருந்தாலும் என் டப்பா பச்சைக் கட்டம் போட்டு யோசித்து முடிப்பதற்குள் பிஸ்டன் தட்டுக்குப் போயிருக்கும் என்பதும் உறைத்தது.

மணி நாலு ஐம்பது. கேமராவின் பின்னால் இருக்கிற குட்டித் திரையில், வெயிலில் மின்னிக்கொண்டு, இரண்டு பிஸ்டன்கள் விளிம்போடு விளிம்பு இடித்துக்கொண்டிருந்தன. பர்வீன் குனிந்து பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம், கம்ப்யூட்டர்ல ஏத்துங்கண்ணா!"

உள்ளேயிருந்து பிஸ்கட் மாதிரி ஒரு கார்டை எடுத்தார். அது நுழைகிற ஓட்டை எங்கள் ஆபீஸில் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. "அதுக்கு ரீடரு வீட்டுல இருக்குது சார். ஒரு நிமிசம், போயி எடுத்தாந்துடறேன்," என்றார். வீடு பாகலூர் ரோட்டில். பஸ்ஸில்.

அந்த நொடியில் அவரைக் கொலை செய்திருந்தால் எந்த கோர்ட்டும் என்னை விடுதலை செய்திருக்கும். சட்டைப் பையில் இருந்த பாக்கெட் கேமராவை எடுத்தேன். கார்டை மறுபடி போடச் சொல்லி, திரையில் படத்தைப் பெரிதாக்க வைத்து, அந்தத் திரையையே என் டப்பாவில் படம் எடுத்தேன். எதிரே நகராமல் இருக்கிற பொருளென்றால் என் கேமரா புலி.

"என் படத்தையே படம் எடுக்கறீங்களா சார்?" அவர் முகம் செத்துவிட்டது. ஆனாலும் குனிந்து, "கோணலா இருக்குது. நேராப் புடிங்க. ஒரு நிமிசம்…" என்று என் கையைத் திருத்த வந்தார். தட்டிவிட்டேன்.

நாலு ஐம்பத்தேழுக்கு அது மேனேஜரின் கம்ப்யூட்டரில் திறந்தது. கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தார். "ஏனுங்க, மெசின் பண்ற தப்புக்கு நாம அந்தப் பொண்ண அனுப்பப் பாத்தமுங்களே," என்று காகிதத்தைக் கிழித்தார். திங்கட்கிழமை கதவைச் சரிசெய்து, தகட்டின் நடுவே ஒரு ரப்பர் துண்டை ஒட்டினார்கள். பர்வீன் இன்றும் அதே லைனில்தான் இருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒருநிமிசம் பர்வீனை அந்த வெயிலில் நிறுத்தி கேமராவைத் தூக்கினார். "சார், நீங்களும் வந்து நில்லுங்க. ஒரு நிமிசம்தான்." பஸ் போயிரும் அண்ணா என்று நான் ஓடினேன்.

அடுத்த மாதமே அவரைக் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புதுத் தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது ஒரு பிரிண்ட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பர்வீன் சிரிக்கிறாள், ஒவ்வொரு இமை முடியும் தெரிகிறது. பின்னால் உலகமே கரைந்திருக்கிறது, அந்தக் கரைசலில் நீலமாக ஒரு தீற்றல். கம்பெனியின் நீலச் சட்டையில், கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடுகிற நான்தான் அது.

இப்போதெல்லாம் எனக்குப் போட்டோ இரண்டு விநாடியில் முடிகிறது. தலைக்கு மேல் யாரும் நிற்பதில்லை, நிம்மதிதான். என் பாக்கெட் கேமராவில் என் படம் எத்தனையோ தெளிவாக இருக்கிறது. பர்ஸில் வைத்திருப்பது அந்த நீலத் தீற்றல் விழுந்த படத்தை மட்டும்தான். அந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், பஸ் போனால் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நின்றிருப்பேன்.