அணைக்கு முதல் தரம்

கொட்டகலைக் கடைவீதியில் ஒரு லொறி டிரைவர் சலூன்காரரிடம் சொன்னாராம். சலூன்காரர் அன்று சவரத்துக்கு உட்கார்ந்த அத்தனை பேரிடமும் சொன்னார். இப்படி முகத்துக்கு முகம் நுரையோடு பரவி, செய்தி வெண்பாறைத் தோட்டத்து ஆபீசுக்கும் வந்து சேர்ந்தது. "அந்தத் தோட்டத்து அணைக்கு வேர்த்துக் கொட்டுதாம்!"

மண்மேடு வேர்க்குமா என்று சிரித்தவர்கள் பலர். சிரிக்காமல் கோபித்துக்கொண்டவர் ஒருவர்தான். பெரிய கிளாக்கர் இக்னேசியஸ். தாம் முதல் தரம் போட்ட அணை தம்மைக் கேட்காமல் எப்படி வேர்க்கலாம்?

அன்பரே, நாம் இன்று பார்க்கப்போகும் இனம் இதுதான்: பார்க்காமலே தரம் போடுகிற இனம். இதைத் தேடிக் காட்டுக்குப் போகவேண்டாம். மேசை இருக்கிற இடமெல்லாம் இது வளரும். மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, சேறு கண்டறியாத சப்பாத்து, சட்டைப் பையில் இரண்டு பேனா, ரப்பர் முத்திரையைக் குத்துமுன் குழந்தையின் நெற்றியில் ஊதுவதுபோல அதன்மேல் ஒரு ஊது, குத்தியபின் தலையைச் சாய்த்து ஒரு ரசிப்பு. வாயில் மூன்றே மூன்று வாசகம்: "எல்லாம் திருப்தி." "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலியே?" "ஃபோமில அதுக்கு இடமில்ல."

ஞானிகளுக்குக்கூட இவ்வளவு சுருக்கமாகப் பேச வராது.

அணையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எந்தக் காலத்துத் துரையோ ஓடையை மறித்துப் போட்ட மண் அணை அது. அதில் தேங்குகிற தண்ணீர் குழாய் வழியே இறங்கி இஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் சுழன்றால்தான் கொழுந்து வாடும், அரைபடும், தூளாகும், கப்பலேறும். அணைக்கு நேர் கீழே, வேறெங்கும் இடமே இல்லாததுபோல, பிள்ளைக் காம்பரா. தாய்மார் மலையில் கொழுந்தெடுக்கும் நேரம் கைக்குழந்தைகளைப் போட்டு வைக்கிற தகரக் கொட்டகை.

மாதம் ஒருமுறை கொழும்புக் கம்பெனிக்கு அணையின் பாதுகாப்பைப் பற்றி ஒரு ஃபோம் நிரப்பி அனுப்பவேண்டும். அதில் மூன்று தரம். முதல் தரம் என்றால் ஒன்றும் செய்யவேண்டாம். இரண்டாம் தரம் என்றால் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிட்டு எஞ்சினியருக்கு எழுதவேண்டும். மூன்றாம் தரம் என்றால் மடையை முழுக்கத் திறந்து, கீழே இருப்பவர்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றவேண்டும்.

இக்னேசியஸ் பதினொரு வருஷமாக முதல் தரமே போட்டார். வருஷத்துக்கு ஒருநாள், மாசி மாதத்து நல்ல வெயிலில், குடை பிடித்துக்கொண்டு அணைமேல் போவார். குதிகாலால் இரண்டு மிதி மிதிப்பார். "அசையுதா?" என்று தம்மையே கேட்பார். "அசையல," என்று தாமே சொல்லிக்கொள்வார். பரீட்சை முடிந்தது. மற்ற பதினொரு மாதமும் மேசையில் இருந்தபடியே தரம். பிள்ளைக் காம்பரா ஆயா பூரணி, தான் இந்த மண்ணில் பிறந்தவள்தான் என்று காட்டுவதற்கு மூன்று வருஷமாக அரசாங்க ஆபீசில் காகிதத்துக்குமேல் காகிதம் கொண்டுபோய் நீட்டுகிறாள். பிரஜாவுரிமை இன்னும் வந்தபாடில்லை. அணைக்கோ இரண்டே மிதி.

அவர் கெட்டவரா என்றால், இல்லை. பயந்தவர். இரண்டாம் தரம் போட்டால் சக்கரம் நிற்கும், கொழுந்து குவிந்து புளிக்கும், பெரிய துரையின் முகம் சிவக்கும். கலங்கிய தண்ணீரைவிடச் சிவந்த முகம் ஆபத்தானது என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. தண்ணீர் ஒருமுறைதான் அடிக்கும். துரை தினமும் அடிப்பார்.

அந்த வருஷம் ஆனி மழை நாலு நாளாக விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை, அணைக் காவல்காரர் வீரய்யா தலையில் கவிழ்த்த சாக்குக் கொங்காணியில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, தண்ணி செவப்புக் கோட்டத் தாண்டிருச்சுங்க."

அணையில் ஒரு அளவுக் கம்பம் உண்டு. அதில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதைத் தாண்டினால் ஆபத்து என்று அர்த்தம்.

"அந்தக் கோடு எப்ப அடிச்சது?"

"முந்துன துரை காலத்துலங்க."

"பாத்தியா! பழைய கோடு. பழைய கோட்ட வச்சுக்கிட்டுப் புதுத் தண்ணிய அளந்தா இப்பிடித்தான் தாண்டும். இஸ்டோருல கந்தப்பன்கிட்ட சிவப்புப் பெயிண்டு இருக்கு. ஒரு முழம் மேல தள்ளி அடிக்கச் சொல்லு."

வீரய்யா நகரவில்லை. "கோட்ட ஏத்திரலாமுங்க. கீழ கசியுதே, அதை என்னங்க பண்றது? நேத்து வரைக்கும் தெளிவா வந்துச்சு. இன்னிக்குக் கலங்கலா வருதுங்க. உள்ளுக்குள்ள மண்ணு கரையுதுங்க ஐயா."

"தண்ணின்னா கலங்கத்தான் செய்யும். மழை பேயுதில்ல?"

"மழைத்தண்ணி மேலருந்து வருமுங்க. இது நடு வயித்துலருந்து வருதுங்க."

"வயிறு, முதுகுன்னு எழுத ஃபோமில இடமில்ல," என்றார் இக்னேசியஸ். வீரய்யா படியிறங்குமுன்பே முத்திரையை ஊதிவிட்டார்.

முதல் தரம்.

பத்து மணிக்குக் கம்பத்தில் புதுக்கோடு பளபளத்தது. தண்ணீர் அதற்குக் கீழே நல்லபிள்ளையாக நின்றது. பாதுகாப்பை இவ்வளவு மலிவாக, ஒரு தூரிகை வீச்சில் வாங்க முடியும் என்று எந்த எஞ்சினியருக்காவது தோன்றியிருக்குமா?

பதினொரு மணிக்குப் பூரணி வந்தாள். ஒரு இடுப்பில் ஒரு குழந்தை, மறு இடுப்பில் இன்னொன்று. இரண்டும் அவளுடையவை அல்ல.

"ஐயா, பள்ளிக்கூடத்துச் சாவி குடுங்க. பத்தொம்பது புள்ளைங்க இருக்கு. மேல கொண்டுபோயிடுறேன்."

"பள்ளிக்கூடத்தத் தொறக்கணும்னா மூணாந்தரம் வேணும். நான் மொதத்தரம் போட்டுட்டேனே."

"அப்ப மூணாப் போட்டுருங்க."

"போட்டத மாத்துறதா? கொழும்பில என்ன நினைப்பாங்க? அணையே முதல் தரமா இருக்கும்போது நீ எதுக்குப் புள்ள பயப்படுற?"

பூரணி குழந்தைகளை மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போட்ட தரம் எனக்குத் தெரியுமுங்க, கொழும்புக்கும் தெரியுமுங்க. தண்ணிக்கும் ஒரு கடுதாசி போட்டுட்டீங்களா?"

பக்கத்து மேசையில் சின்னக் கிளாக்கர் முத்துலிங்கம் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். இக்னேசியஸ் எழுந்து நின்றார். "சாவி தரமுடியாது. நாளைக்குப் பெஞ்சு ஒடஞ்சிருந்தா யாரு பதில் சொல்றது?"

"சாவிய நீங்களே வச்சுக்கங்க, ஐயா. பூட்ட நாங்க பாத்துக்கிறோம்."

சொன்னபடி பார்த்துக்கொண்டாள். அரைமணி நேரத்தில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பூட்டில் விழும் சத்தம் மழையையும் மீறி ஆபீசுக்குக் கேட்டது. சொல்லாமலே எழுந்து குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார் முத்துலிங்கம். குடையை விரிக்கக்கூட நேரமில்லை அவருக்கு.

இக்னேசியஸ் ஜன்னலருகே போனார். கீழே மூன்று பெண்கள் இடுப்புக்கொன்றாய், முதுகிலொன்றாய்க் குழந்தைகளைச் சுமந்து சேற்றுப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் எண்ணினார். எண்ணுவதில் அவர் கெட்டிக்காரர். மூவரும் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனது ஒன்பது. மீதி பத்து இன்னும் தகரத்தின் கீழே. இறங்கி ஓடினால் அவரும் இரண்டைத் தூக்கலாம். சுமக்க முடியாத உடம்பல்ல.

திரும்பி வந்து உட்கார்ந்தார். புதுத்தாள் எடுத்தார். "தோட்டச் சொத்தான பூட்டு ஒன்று, பூரணி என்பவளால்..." என்று எழுதத் தொடங்கினார்.

அப்போதுதான் தொலைபேசி அலறியது.

ஆபீசில் இருந்தது ஒரே கம்பி. அது இஸ்டோருக்கு மட்டும்தான் போகும். இஸ்டோர் வாசலில் நின்றால் அணையின் கீழ்ப்பக்கம் உள்ளங்கை மாதிரித் தெரியும். யார் கூப்பிடுகிறார்கள், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கு ஊகிக்கத் தெரியாதா? எடுத்தால் காதில் விழும். காதில் விழுந்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் முதல் தரம் பொய்யாகிவிடும். தெரியாதவரை அவர் கையெழுத்து சத்தியம். இதுதான் அன்பரே, இந்த இனத்தின் முழு வேதாந்தமும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் எந்தத் தோட்டத்திலும் கிளாக்கர் இல்லை. பள்ளிக்கூடக் கூரையைப் பற்றியோ பாலத்துக் கட்டையைப் பற்றியோ யாராவது ஓடிவந்து சொன்னபோது, நாற்காலியிலிருந்து அசையாமல் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. வாசித்துப் பாராமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வைத்ததில்லை. நல்லது. அப்படியானால் ஒரு உதவி. இக்னேசியஸ் "பூட்டு" என்ற சொல்லை அடித்துவிட்டு "பெறுமதிமிக்க பூட்டு" என்று திருத்திக்கொண்டிருக்கிறார், அவருக்கு ஓய்வில்லை. தொலைபேசி மணியோ பன்னிரண்டாவது தடவையாக அடிக்கிறது. கையெட்டும் தூரத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

எடுங்களேன்.

ஏன், ஏதாவது தெரிந்துவிடும் என்று பயமா?