கறுப்பு சாஸும் கண்ணாடிக்காரரும்

கோதுமையை விட்டாலும் விடுவேன், தாய்லாந்துக் கடை நூடுல்ஸை விடமாட்டேன் என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தபோது குளியலறைக் கதவு தாழிடப்பட்டிருந்தது. வாய்விட்டுச் சபதம் போட வீட்டில் அவருக்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

மனிதர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதிரில் வருவது யாரென்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரிவதே இவர் தயவில்தான். டாக்டரம்மா இவருடைய ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "கோதுமையில இருக்கிற குளூட்டன் உங்க குடலுக்கு ஆகாது. துளிகூடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே மனைவி ரொட்டி, பிஸ்கட், ரவை எல்லாவற்றையும் சமையலறையிலிருந்து நாடு கடத்தினாள். சோயா சாஸ் பாட்டிலையும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுலயும் கோதுமை இருக்குங்க."

"சாஸ்லயா? சாஸ்ல யாராவது கோதுமை போடுவாங்களா?"

"போட்டிருக்காங்க. கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் படிங்க."

படித்தார். கோதுமை என்றுதான் போட்டிருந்தது.

கல்யாணமான புதிதில் இருவரும் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். சம்பளம் வந்த அன்று தாய்லாந்துக் கடைக்குப் போவார்கள். கறுப்பு சோயா சாஸில் புரட்டிய அகலமான அரிசி நூடுல்ஸ் ஒரு தட்டு, முள்கரண்டி இரண்டு. கருகின துண்டுதான் தனக்குப் பிடிக்கும் என்று சொல்லி, நல்லதையெல்லாம் அவள் இவர் பக்கம் ஒதுக்குவாள். அப்போது இவருக்குத் தலைநிறைய முடி. அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அந்த நாட்களை நினைத்தால் இவருக்கு இன்றும் நாக்கில் அந்த ருசி ஊறும். நூடுல்ஸ் பாவம், வெறும் அரிசி. அந்தக் கறுப்பு சாஸ்தான் எமன்.

அதனால் வியாழக்கிழமை மத்தியானம் தன் கடையைப் பூட்டிவிட்டு அந்தத் தாய்லாந்துக் கடைக்குக் கிளம்ப ஆரம்பித்தார்.

"அதென்ன, வியாழக்கிழமையானா லென்ஸ் வாங்கப் போறீங்க?"

"மொத்தக் கடையில அன்னைக்குத்தான் சரக்கு இறங்குது."

"அப்படியா? பார்த்துப் போயிட்டு வாங்க."

கேள்வி அத்தோடு நின்றபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

முதல் வாரம் தின்றுவிட்டு இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பஸ்ஸில் போய்வந்த வெயில்தான் காரணம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ருசியோ வாராவாரம் கூடிக்கொண்டே போனது. கண்ணை மூடினால் அப்படியே அந்தப் பழைய தட்டு, எதிரில் அவள். கண்ணைத் திறந்தால் காலி நாற்காலி. அது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தலை விழுங்கிவிட்டு, பரிமாறும் பெண்ணைக் கூப்பிடுவார்.

"சமையல்காரர்கிட்டச் சொல்லுங்கம்மா. இந்தக் கைமணம் எங்க வீட்ல ஏழு ஜென்மத்துக்கும் வராது!"

உள்ளே வாணலியில் கரண்டி ஓங்கி விழும் சத்தம் கேட்கும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. மனைவியும் கூட வந்திருந்தாள்.

"ரத்தத்துல கூடியிருந்ததெல்லாம் நல்லா இறங்கியிருக்கு. இவ்வளவு கட்டுப்பாடா யாரும் இருந்ததில்ல" என்றார் டாக்டரம்மா.

கண்ணாடிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "கட்டுப்பாடா? வாராவாரம் கறுப்பு சாஸ்ல குளிச்ச நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கேன் டாக்டர்! எனக்கு நோயே இல்ல! இனிமே வீட்ல ரொட்டி வரும், பிஸ்கட் வரும்!"

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் பதறவே இல்லை.

"அது நான் வாங்கிக் குடுத்த சாஸுங்க."

"எது?"

"நீங்க முதல்ல போன வியாழக்கிழமையே சட்டை நெஞ்சுல கறுப்பா கறை. லென்ஸ் வாங்கப் போனா சாஸா ஒழுகும்? அந்த வாரமே நம்ம தாய்லாந்துக் கடைக்குப் போய் விசாரிச்சேன். கோதுமை போடாத சாஸ், தனி வாணலி, ரெண்டும் வாங்கிக் கடையில வெச்சேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"திருடிச் சாப்பிடுற சந்தோஷத்த ஏன் கெடுக்கணும்? முகமே பளபளன்னு இருந்துச்சு உங்களுக்கு."

போனது போகட்டும், ஒன்று மிச்சமிருந்தது அவருக்கு. "நீ என்ன சாஸ் வேணா வாங்கிக் குடு. அந்தப் பழைய ருசி? அது அந்தச் சமையல்காரர் கை!"

அவள் சிரித்தாள். ஒற்றை அறைக் காலத்துச் சிரிப்பு.

"அவர் வேலைக்குச் சேர்ந்தே ஒரு வருஷந்தாங்க ஆகுது. கூட்ட நேரத்துல தனி வாணலியெல்லாம் ஆகாதுன்னு வேற சொல்லிட்டாரு. வியாழக்கிழமை வியாழக்கிழமை உள்ள நின்னு கிளறினதே நான்தான்."